விசைக்கு எழுவாய் வேண்டும்

ஒரு பொருளின்மீது 3 நியூட்டன், 4 நியூட்டன் என இரு விசைகள் செயல்படுகின்றன. தொகுபயன் எவ்வளவு? பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர் சற்றும் தயங்காமல் ஐந்து என்பர். கோணம் தரப்படவில்லையே என்று கேட்பவர் அரிது. ஒன்று முதல் ஏழு வரை எந்த மதிப்பும் இருக்கலாம் என்பதே சரியான விடை. பயிற்சித் தாள்களில் மூன்றும் நான்கும் செங்கோணத்தில் சந்தித்துச் சந்தித்துப் பழகிவிட்டன. மாணவர் எண்களை அடையாளம் கண்டுகொண்டார், வினாவைப் படிக்கவில்லை.

இதைக் 'கணக்கில் மந்தம்' என்று சொல்லிக் கடந்துவிடுவது ஆசிரியர்களுக்கு வசதி. கொசைன் மதிப்புகளைத் தூக்கத்திலும் ஒப்பிக்கும் மாணவரே இங்கு இடறுகிறார் என்பதால் அந்த விளக்கம் செல்லாது. குறை, பாடம் சொல்லப்படும் மொழியில் இருக்கிறது.

'இழுக்கிறது' என்னும் வினை இரண்டு பெயர்களைக் கேட்கும்: எது இழுக்கிறது, எதை இழுக்கிறது. தமிழானாலும் இந்தியானாலும் ஆங்கிலமானாலும் இதில் மாற்றமில்லை. விசையின் இயல்பும் அதுவே; ஒரு பொருள் இன்னொரு பொருளின்மீது செலுத்துவது. ஆனால் கரும்பலகைக்கு வந்ததும் வினை பெயராகச் சுருங்கிவிடுகிறது. 'எடை கீழ்நோக்கிச் செயல்படுகிறது', 'இழுவிசை மேல்நோக்கிச் செயல்படுகிறது'. எழுவாயும் போயிற்று, செயப்படுபொருளும் போயிற்று, எஞ்சியது அம்புக்குறி. எந்த அம்புகளை எவற்றோடு கூட்டுவது என்று முடிவுசெய்ய மாணவர் கையில் இனி ஒன்றுமில்லை.

என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு நூலில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கூரையிலிருந்து 2 மீட்டர் நீளக் கயிற்றில் 6 கிலோகிராம் நிறை தொங்குகிறது. கயிற்றின் நடுப்புள்ளியில் 50 நியூட்டன் விசை கிடைமட்டமாகச் செலுத்தப்படுகிறது. சமநிலையில் மேற்பாதிக் கயிறு நிலைக்குத்துடன் அமைக்கும் கோணம் என்ன? இக்கணக்கின் உயிர் ஒரே தேர்வில் இருக்கிறது: நடுப்புள்ளியைச் செயப்படுபொருளாகக் கொள்வது. கீழ்க்கயிறு அதைக் கீழே இழுக்கிறது, 60 நியூட்டன். இழுப்பவரின் கை அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது, 50 நியூட்டன். மேற்கயிறு அதைச் சாய்வாக மேலே இழுக்கிறது. முதலிரண்டின் தொகுபயனை மூன்றாவது சமன்செய்தாக வேண்டும். ஆகவே கோணத்தின் டேன்ஜென்ட் ஆறில் ஐந்து, கோணம் ஏறத்தாழ 40 பாகை, மேற்கயிற்றின் இழுவிசை சுமார் 78 நியூட்டன். கயிற்றின் நீளம் விடையைப் பாதிக்காது என்று நூலே குறிப்பிடுகிறது. லாமி தேற்றத்தை மட்டும் மனனம் செய்தவரோ அந்த 2 மீட்டரை எங்கே நுழைப்பது என்று தேடிக்கொண்டிருப்பார்.

கலைச்சொற்களும் தம் பங்குக்குக் குழப்புகின்றன. தளம் ஒரு பொருளைத் தள்ளும் விசைக்குத் தமிழ்வழி வகுப்பில் 'செங்குத்து விசை' என்று பெயர். 'செங்குத்தான மலை' என்ற வழக்கில் வளர்ந்த காதுக்கு அது வானை நோக்கி நிற்கும் விசை. தளத்துக்குச் செங்கோணத்தில் அமைவது என்ற வடிவியற் பொருள் பின்னுக்குப் போய்விடுகிறது. 30 பாகை சாய்ந்த வழுவழுப்பான பலகையில் 2 கிலோகிராம் கட்டை இருக்கட்டும். எடை 20 நியூட்டன். தளத்தின் விசையையும் மேல்நோக்கி 20 என்று போட்டால் தொகுபயன் சுழி. கட்டை நகரவே கூடாது! உண்மையில் தளம் தள்ளுவது சுமார் 17.3 நியூட்டன், எஞ்சிய 10 நியூட்டன் கட்டையைச் சரிவின்வழி இறக்குகிறது. எடையையும் வரைந்து, அதன் இரு கூறுகளையும் தனி விசைகளாக வரைந்து, ஒன்றை மூன்றாக எண்ணுவோரும் உண்டு. 'எடையின் கூறு' என்பதைச் செலுத்தும் பொருள் எது என்று ஒருமுறை கேட்டிருந்தால் இந்தப் பிழை அங்கேயே நின்றிருக்கும். எனவே சொல்லை மாற்றி வேறொன்றை ஆக்கினால் போதும் என்னும் கலைச்சொல் அன்பர்களின் தீர்வும் இங்கு உதவாது. முழு வாக்கியம் வேண்டும்.

1687இல் வெளிவந்த நியூட்டனின் 'பிரின்சிப்பியா' இணைகர விதியை இயக்க விதிகளின் முதல் கிளைத்தேற்றமாக வைத்தது. அங்கே கொசைன் சூத்திரம் இல்லை. இரு விசைகளுக்கு ஆட்பட்ட ஒரு பொருள் மூலைவிட்டத்தின் வழியே செல்கிறது, அவ்வளவே. பொருள்தான் முதலில் வருகிறது.

நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 வினாக்கள், வாக்கியம் எழுத நேரமேது என்பர் பயிற்சி மையத்தார். நியாயமான கேள்வி, அந்தத் தேர்வை வடிவமைத்தவர்களிடமும் கேட்கப்பட வேண்டியது. ஆனால் தேர்வறையில் எழுதாமலிருப்பது வேறு, வகுப்பறையில் ஈராண்டு ஒருமுறைகூட எழுதாமலிருப்பது வேறு.

பள்ளித் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா ஒன்று இதற்குப் போதும். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தின் மீதான விசைகளை வாக்கியங்களாக எழுதுக. புவி புத்தகத்தை இழுக்கிறது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது. இவ்விரண்டும் வினை, எதிர்வினை இணையா? ஆம் என்று எழுதும் பட்டதாரிகள் குறைவில்லை, ஏனெனில் அவர்கள் கற்ற பெயர் 'எதிர்வினை விசை'. எதிர்வினையில் எழுவாயும் செயப்படுபொருளும் இடம்மாற வேண்டும்: மேசை புத்தகத்தைத் தள்ளினால், புத்தகம் மேசையைத் தள்ளும். புவி புத்தகத்தை இழுத்தால், புத்தகம் புவியை இழுக்கும். இந்த இடமாற்றத்தை உணர ஆறாம் வகுப்பு இலக்கணமே போதும்.