கைக்கு ஏற்ற பிடி

மணப்பாறை என்றவுடன் நேயர்களுக்கு எது ஞாபகம் வரும் என்பது நமக்குத் தெரியும். ரயில் ஸ்டேஷனில் நிற்கும் சொற்ப நேரத்துக்குள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி முறுக்கு வாங்காதவரை, திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே பிரயாணம் செய்தவராகவே நாம் ஒப்புக்கொள்வதில்லை. 2023-ஆம் வருஷத்தில் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டபடியால், வேறு ஊர் முறுக்கை மணப்பாறை முறுக்கு என்று விற்பவர்கள் இனிச் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நலம்.

முறுக்குக்கு அடுத்தது மாடு. 1957-ல் வெளிவந்த 'மக்களைப் பெற்ற மகராசி' என்னும் படத்தின் பாட்டு ஒன்று, மணப்பாறை மாட்டின் புகழைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு போய்ச் சேர்த்தது. சந்தைக்கு வரும் பழைய சம்சாரி ஒருவரிடம் மாடு பூட்டுவதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒரு ஜோடியில் ஒரு மாடு சற்று இளைத்ததாக இருந்தால், ஏர்க்காலை நுகத்தடியின் நடுவில் கட்டமாட்டார். பலமுள்ள மாட்டின் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டுவார். பாரத்தில் அதிகப் பங்கு அந்த மாட்டின் மேல் விழும். இளைத்த மாடும் கூடவே நடந்து வந்துவிடும். இதற்காக அவர் கலாசாலைக்குப் போய்ப் படிக்கவில்லை.

இந்த நுகத்தடி விஷயம் நமக்கு ஞாபகம் வந்தது சந்தையில் அல்ல. ஒரு சைக்கிள் கடை வாசலில். சிநேகிதர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காக மணப்பாறைக்குப் போயிருந்தோம். முகூர்த்தம் ஆகிவிட்டது, இலை போட இன்னும் நேரம் இருந்தது. கடைத்தெருப் பக்கம் உலாவப் போன இடத்தில், ஒரு பாட்டியும் பேத்தியும் புத்தம் புதிய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கடை முன்னால் நிறுத்தினார்கள்.

பேத்திக்குப் பதினாறு வயது இருக்கலாம். இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்திருந்தது. பிறவியிலேயே அப்படி.

"தம்பி, இது பள்ளிக்கூடத்துல சர்க்கார் கொடுத்த வண்டி. எட்டு மாசமாச் சுவத்துல சாஞ்சு கெடக்கு. இவளுக்கு ஓட்ட வருது; பிடிக்கத்தான் எடமில்ல. பஸ்ஸை நம்பிப் பள்ளிக்கூடம் போனா, பாதி நாள் மொதல் மணி போயிடுது" என்றார் பாட்டி.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001-ஆம் வருஷத்தில் தொடங்கி, 2005-ல் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட இலவசச் சைக்கிள் திட்டத்தை நேயர்கள் அறிவார்கள். பல நல்ல காரியங்களுக்குள் அதுவும் ஒன்று என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் பையன்களுக்கு ஒரு மாதிரி, பெண்களுக்கு ஒரு மாதிரி என்பதோடு வித்தியாசம் முடிந்துவிடுகிறது. நாலரை அடிப் பெண்ணுக்கும் ஐந்தே முக்கால் அடிப் பெண்ணுக்கும் ஒரே ஹாண்டில் பார். ஒரு கைப் பெண்ணுக்கும் அதேதான்.

கடைக்காரர் உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. பெண்ணைச் சைக்கிளில் உட்கார வைத்து, பின் காரியரைத் தாமே பிடித்துக்கொண்டு, இடது கை இயல்பாக எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தார். அந்த இடத்துக்கும் ஹாண்டிலின் இடது முனைக்கும் ஒரு கயிற்றைப் பிடித்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போலவே இருந்தது.

"தட்டை ரோட்டுல ஒத்தக் கையாலயே ஓட்டிடலாம், ஆத்தா. மேடு வந்தாத்தான் வம்பு" என்றார்.

வம்பு என்ன என்பதை நமக்கும் விளக்கினார். மேட்டில் பெடலை அழுத்தி மிதிக்கும்போது, நம்மை அறியாமலே கைகள் ஹாண்டிலைப் பற்றி இழுக்கின்றன. இரண்டு கையும் இழுத்தால் சரிக்குச் சரியாகிவிடும். வலது கை மட்டும் இழுத்தால் முன் சக்கரம் வலது பக்கம் திரும்பும். அதாவது, நடு ரோட்டுப் பக்கம். எதிரே லாரி வரும் பக்கமும் அதுதான். ஆகவே இடது கைக்கு ஒரு முட்டு வேண்டும், அழகுக்காக அல்ல.

பழைய ஹாண்டில் பார் ஒன்றின் இடது பாதியை அறுத்தார். உள்ளே இறுக்கமாக ஓர் இரும்புத் தண்டைச் செருகி, அதன் மேல் வெல்டிங் வைத்து, ஒரு துண்டுக் குழாயைப் பின்புறமாகவும் மேலாகவும் வளைத்துக் கொண்டுவந்தார். தண்டு செருகாமல் வெறும் ஒட்டு வைத்தால், ஒரு நாள் பள்ளத்தில் விழும்போது ஒட்டு விட்டுப் போகும் என்றார். குழாயின் முனையில், பி.வி.சி. குழாயைப் பிளந்து சூடு காட்டி வளைத்த ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் பழைய டியூப் ரப்பர்.

"கையை வச்சு ஒரு வாரால கட்டிப்புடலாமே?" என்று பாட்டி கேட்டார்.

"கட்டவே கூடாது, ஆத்தா. வண்டி விழுந்தா புள்ள தனியா விழணும். கையைக் கட்டிப்போட்டா வண்டியோட சேந்து உருளும்."

கிண்ணம் மேல்புறம் திறந்தே இருந்தது. அயல்நாடுகளில் ஒரு கையுள்ள பந்தயக்காரர்களுக்குச் சைக்கிள் அமைத்துக் கொடுக்கும் நிபுணர்களும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறார்கள்: கை ஊன்ற வேண்டும், ஆபத்து வந்தால் தானே விடுபடவும் வேண்டும்.

அடுத்தபடி பிரேக். நம் நாட்டுச் சைக்கிள்களில் வலது பிடி முன் சக்கரத்தையும் இடது பிடி பின் சக்கரத்தையும் நிறுத்துவது வழக்கம். இடது பிடியைப் பற்ற முடியாதவருக்கு முன் பிரேக் மட்டுமே மிஞ்சுகிறது. இறக்கத்தில் அதை மட்டும் பலமாகப் பிடித்தால் பின் சக்கரம் கிளம்பி, ஓட்டுகிறவர் தலைகுப்புறப் போய் விழுவார். கடைக்காரர் இரண்டு பிரேக்குகளின் ஒயர்களையும் வலது பக்கத்தில் ஒரே பிடிக்குக் கொண்டுவந்து கோத்தார். பிடியை அழுத்தினால் பின் பிரேக் முதலில் கவ்வ வேண்டும், முன் பிரேக் ஒரு நூல் தாமதித்துக் கவ்வ வேண்டும். அந்த ஒரு நூலுக்காக அரை மணி நேரம் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் முதல் பந்தி அதற்குள் எழுந்திருக்கும்.

வேலை நடக்கும்போது பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தோம். அவருடைய பிறந்த ஊர் விராலிமலைப் பக்கம். புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்களில் அவரும் ஒருவர். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஏறிய பிறகு அதுவே தேவலை என்றும் கண்டுபிடித்தார்கள். சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் இடையே உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா?

"இவ அம்மாவ அந்தப் பார்லதான் உக்காரவச்சு ஓட்டினேன். துண்டைச் சுத்தி மெத்தை பண்ணிக்கிட்டேன்" என்றார் பாட்டி. சைக்கிள் என்பது தொடக்கூடாத விக்கிரகம் அல்ல, வேண்டியபடி மாற்றிக்கொள்ளக் கூடியதுதான் என்ற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நமக்குப் புரிந்தது.

இரண்டு கையும் உள்ள நேயர்கள், இது தமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களில் சிலருக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போவதுண்டு. உள்ளங்கையின் ஓரமாக மணிக்கட்டைத் தாண்டி வரும் நரம்பு ஒன்று, ஹாண்டிலின் மேல் உடம்பின் பாரம் விழும்போது நசுங்குவதுதான் காரணம். தைலம் தடவிப் பிரயோஜனமில்லை. ஹாண்டிலை ஓர் அங்குலம் உயர்த்த வேண்டும். பிடிக்குத் தடித்த ரப்பர் உறை போட வேண்டும். உயர்த்துவது எளிது. நடுவிலுள்ள போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். ஆனால் தண்டு குறைந்தது இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். ஆசைப்பட்டு மேலே இழுத்தால் ஹாண்டில் கையோடு வந்துவிடும். முழங்கை சற்றே மடங்கி, மணிக்கட்டு நேராக நின்றால் அளவு சரி.

இங்கிலாந்தில் 1977-ல் பிறந்த ஸாரா ஸ்டோரி என்ற அம்மாளுக்கும் பிறவியிலிருந்தே இடது கை பயன்படுவதில்லை. நீச்சலில் தொடங்கிச் சைக்கிளுக்கு மாறிய அவர், 2024-ஆம் வருஷத்துப் பாரிஸ் பாராலிம்பிக் வரையில் மொத்தம் 19 தங்கப் பதக்கங்கள் பெற்றிருக்கிறார். அவருக்கு வாய்த்த சைக்கிளின் விலை நமக்கு வேண்டாம். கையைப் பார்த்துப் பிடியை அமைப்பது என்ற யோசனைக்கு விலை கிடையாது.

அந்த யோசனை நம் தேசத்துக்கும் புதிதல்ல. ஜயப்பூர்க் கால் என்று உலகமே அறிந்த செயற்கைக் காலை 1968 வாக்கில் உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் பி. கே. சேத்தி, மற்றவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞர். சப்பணமிட்டு உட்காரவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் வேண்டிய நம்மவர்களுக்கு மேல்நாட்டுக் கால் உதவவில்லை. சர்மாவின் சைக்கிள் ஒரு நாள் பஞ்சராகிப் பழுது பார்க்கும் கடையில் நின்றபோது, அங்கே டயருக்கு ரப்பர் வைப்பதைப் பார்த்துத்தான் ரப்பர்க் கால் யோசனை உதித்தது என்று சொல்வார்கள். டாக்டர் சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. சைக்கிள் கடைக்காரருக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை!

மணப்பாறைக் கடைக்காரர் கேட்ட கூலி நானூறு ரூபாய். பாட்டி ரவிக்கைக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்து எண்ணிக் கொடுத்தார். ஊனமுற்றோர் உரிமைகளுக்கென்று 2016-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தில், ஒவ்வொருவருக்கும் வேண்டிய நியாயமான மாறுதல்களைச் செய்து கொடுப்பது கடமை என்று எழுதியிருக்கிறது. சைக்கிளைச் சர்க்கார் கொடுக்கும்போது இந்த நானூறு ரூபாயைப் பாட்டி கொடுப்பானேன்? சைக்கிள் வழங்கும் வைபவத்தன்று பந்தலில் மாலைகளோடு ஒரு மெக்கானிக்கையும் ஸ்பானர் சகிதம் உட்கார வைத்தால் என்ன? குள்ளமான பிள்ளைக்குச் சீட்டை இறக்கட்டும், நெட்டையான பிள்ளைக்கு ஹாண்டிலை ஏற்றட்டும், கை வேறு விதமாயுள்ள பிள்ளையின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு மறு வாரம் வரச்சொல்லட்டும். மாலைச் செலவில் ஒரு பகுதி போதும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வேலை முடிந்தது. பெண் ஏறி உட்கார்ந்தாள். இடது கையைக் கிண்ணத்தில் வைத்தாள். கடைத்தெருவின் கோடி வரையில் போய், மெதுவாகத் திரும்பி வந்தாள். மேட்டில் வண்டி நெளியவில்லை. பிரேக் பிடித்து, கடை வாசலில் கோடு கிழித்தாற்போல் நின்றாள். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நம்மைப் பெருமிதத்தோடு பார்த்தார். நாமும் தலையை ஆட்டினோம்.

"அண்ணே, எல்லாம் சரி. மணிய எந்தக் கையால அடிக்கிறது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மணி இடது பக்கத்தில் இருந்தது. காலையிலிருந்து அதையே சுற்றிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. கடைக்காரர் மறுபடியும் ஸ்பானரை எடுத்தார்.