நீச்சல் குளமும் எங்க வீட்டு சம்ப்பும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். 2024 செப்டம்பர்ல மூணு மாசம் நியூஜெர்சிக்கு ஆன்சைட் அனுப்பினாங்க. அங்க பார்த்த ஒரு விஷயம் இன்னும் மண்டையைக் குடையுது. அதான் இந்தப் பதிவு.

எங்க டீம் லீட் வீட்டுப் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம். ஒரு சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாரேன்னு போனா, மனுஷன் குளத்தைக் குளிர்காலத்துக்கு மூடிக்கிட்டு இருந்தார். வெளிய நல்லா வெயில் அடிக்குது. ஆனா பனி விழறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த வேலை முடிஞ்சாகணுமாம். தண்ணி ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். குழாய்க்குள்ள தண்ணி மிச்சமிருந்தா குழாய் வெடிச்சிடும். அதனால கம்ப்ரஸர் வெச்சு குழாய்த் தண்ணியை ஊதி வெளிய தள்றார். பாசி பிடிக்காம இருக்க குளோரின் போடறார். கடைசியா மேல ஒரு கவர் போட்டு இழுத்துக் கட்டறார்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மொத்தத் தண்ணியையும் இறைச்சு விட்டா என்ன?"ன்னு கேட்டேன்.

"காலி பண்ணினா நிலத்தடித் தண்ணி கீழ இருந்து தள்ளும். தொட்டியே மேல எழும்பிடும், இல்லைன்னா விரிசல் விடும்"னார்.

ஆர்க்கிமிடீஸ்! நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவனுக்கு இது தோணவே இல்லை பாருங்க :-)

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. காரணம் எங்க வீட்டு சம்ப்.

வீடு திருவொற்றியூர்ல. வாசல்ல 6000 லிட்டர் சம்ப். மூடி தரையோட தரையா இருக்கும். அப்பாவோட பைக் அதுமேலதான் நிக்கும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மழை கொட்டினப்ப, தெருத்தண்ணியும் சாக்கடையும் ஒண்ணாக் கலந்து அந்த மூடி வழியா உள்ள போச்சு. தெருவுல தண்ணி வடிஞ்ச மறுநாளே நானும் அப்பாவும் வீராவேசமா மோட்டார் போட்டு சம்ப்பைக் காலி பண்ணினோம். ரெண்டு நாள்ல அடித்தளத்துல விரிசல். வெளிய மண்ணு முழுக்க ஊறிக் கிடக்கு, உள்ள தொட்டி காலி. அப்ப எங்களுக்கு இந்தக் கணக்கு தெரியலை. கொத்தனார் மேல பழியைப் போட்டோம்.

விரிசலைப் பூசினோம், சரியாத்தான் இருக்குன்னு நினைச்சோம். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி அம்மாவுக்கு வாந்தி பேதி. நாலு நாள் ஆஸ்பத்திரி. ட்ரிப்ஸ் ஏத்தின கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தப்பதான் உறைச்சுது, பூசின இடத்துலயும் கசிவு நிக்கலைன்னு.

அங்க குளிர்காலத்துக்கு ஒரு தேதி இருக்கு, அதுக்கு முன்னாடி வேலையை முடிக்கிறாங்க. நம்ம ஊர் குளிர்காலம்னா மழைக்காலம்தான். அதுக்கும் தேதி இருக்கே? வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும். சென்னைக்கு வருஷத்துக்குக் கிடைக்கிற சுமார் 1400 மி.மீ. மழையில பாதிக்கு மேல அக்டோபர்-டிசம்பர்லதான். இருந்தும் வருஷா வருஷம் சொல்லாம வந்த விருந்தாளி மாதிரி முழிக்கிறோம்.

அதனால புரட்டாசி பிறக்கறதுக்குள்ள இதையெல்லாம் முடிச்சுடுங்க:

1. சம்ப்பை மண்ணு காய்ஞ்சிருக்கும்போதே காலி பண்ணிக் கழுவுங்க. மழைல வெள்ளம் புகுந்துட்டா அந்தத் தண்ணியைத் தொடாதீங்க. சுத்துப்பட்ட மண்ணுல தண்ணி இறங்கினப்புறம் இறைக்கலாம்.

2. மூடிக்குக் கழுத்து கட்டுங்க. சுவத்துல 2015, 2023 வெள்ளக்கறை இருக்கும். அதுல எது உசரமோ அதுக்கும் மேல அரை அடி.

3. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். எங்க சம்ப்புக்கு 15 கிராம். கரைச்சுத் தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் ஊத்துங்க, ஒரு மணி நேரம் விடுங்க. தண்ணி கலங்கலா இருந்தா இந்த அளவு பத்தாது. பிரிச்சு வெச்ச பழைய பவுடருக்கு வீரியமும் இருக்காது.

4. மூடிக் கிடந்த தொட்டிக்குள்ள தனியா இறங்காதீங்க. திறந்து ரொம்ப நேரம் காத்தாட விடுங்க, மேல ஒரு ஆள் நிக்கட்டும். விஷவாயு தாக்கி செத்தவங்க கதையைப் பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருக்கோம்.

இதைச் சொன்னா எர்ணாவூர் அத்தை சிரிக்கிறாங்க. அவங்களுக்கு ஏது சம்ப்? வாடகை வீடு, ரெண்டு நீல டிரம், ஏழெட்டு குடம். அதே மிக்ஜாம் வெள்ளத்துல மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணெய் வந்து அவங்க தெருவுக்குள்ள புகுந்துச்சு. கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம் வரைக்கும் படகு, வலை எல்லாம் கறுப்பு. டிரம்ல படிஞ்ச எண்ணெயை எந்த பிளீச்சிங் பவுடர் எடுக்கும்? கொதிக்க வெச்சாலும் போகாது. டிரம்மைத் தூக்கித்தான் போட்டாங்க.

அத்தை சிரிச்சதுலதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. சம்ப் மூடியை உசத்தறது என் வேலை. அதைச் செய்யாம அரசாங்கத்தைத் திட்ட எனக்கு வாய் கிடையாது. ஆனா கால்வாய்ல எண்ணெய் வராம பாத்துக்கறது அத்தை வேலை இல்லை. டீம் லீட் தன் வீட்டுக் குழாய்க்குச் செஞ்சதை, ஆலைக்காரங்க தங்க வடிகாலுக்கு செப்டம்பர்லயே செஞ்சு காட்டணும். மாநகராட்சி கால்வாய்க்குச் செய்யணும். டிசம்பர்ல நிவாரணம் கேட்டு நிக்கறதை விட, செப்டம்பர்ல "வேலை முடிஞ்சுதா?"ன்னு கேக்கறதுதான் நியாயம். அந்தக் கேள்வியை வார்டு கவுன்சிலர்கிட்ட கேக்கற தைரியம், நம்ம மூடியை நாம உசத்தினப்புறம்தான் வரும்.

2025 ஆவணில எங்க சம்ப்புக்கு ரெண்டடி கழுத்து கட்டியாச்சு. பைக் நிறுத்த இடம் போச்சுன்னு அப்பா இன்னும் புலம்பறார். அம்மா அதுமேல துளசித் தொட்டி வெச்சுட்டாங்க.

உங்க வீட்டு மூடி எவ்வளவு உசரம்? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். கழுத்து கட்டறதுக்கு முன்னாடி கொத்தனாரைக் கேட்டுக்கோங்க. பழைய கொத்தனார்கிட்ட நான் மன்னிப்பு கேட்டாச்சு.