குற்றாலத்தில் வேர் விட்ட கிராம்பு

குற்றாலம் என்றதும் அருவி நினைவுக்கு வரும். சாரல் நினைவுக்கு வரும். கிராம்பு நினைவுக்கு வருவது இல்லை. ஆனால் இந்தியாவில் கிராம்பு வளர்ப்பு தொடங்கியதே குற்றாலத்தில்தான்!

கப்பலில் வந்தது

கிராம்பின் சொந்த ஊர், இந்தோனேசியாவில் உள்ள மொலுக்காஸ் தீவுகள். அந்த வியாபாரத்தை டச்சுக்காரர்கள் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். 1796-ம் ஆண்டு, அங்குள்ள அம்போய்னா தீவை ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1800-ம் ஆண்டு வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றாலம் தோட்டத்தில் கிராம்பு வளர்க்கப்பட்டது.

குற்றாலம் ஏன்?

தென்மேற்குப் பருவ மழை, மலைக்கு மேற்கேதான் கொட்டும். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்றும் சாரலும் தென்காசி பக்கம் வந்து விடுகின்றன. அந்த ஈரமும் நிழலும் கிராம்புக்குப் பிடித்தவை.

நாம் கடிக்கும் கிராம்பு, பூ அல்ல, மொட்டு. அது விரியும் முன்பே பறிக்க வேண்டும். வெயிலில் காய்ந்தால் மூன்று கிலோ மொட்டு ஒரு கிலோவாகச் சுருங்கி விடும். மரம் பலன் தரவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகும்.

பெயருக்கு விலை

1850-க்குப் பிறகு கிராம்பு தெற்கே பரவியது. இன்று கன்னியாகுமரி மாவட்ட மலைகளில்தான் அது அதிகம் விளைகிறது. 2021-ம் ஆண்டு "கன்னியாகுமரி கிராம்பு" புவிசார் குறியீடு பெற்றது.

அது என்ன குறியீடு? ஓர் ஊரின் மண்ணும் காற்றும் தரும் தனிக் குணத்துக்குச் சட்டம் தரும் காவல். பிரான்சில் ஷாம்பெயின் என்று குளிர்ந்த பகுதி ஒன்று உண்டு. அங்கே விளைந்த திராட்சையில், அங்கேயே செய்த மதுவுக்குத்தான் அந்தப் பெயர். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ம் ஆண்டு இந்தக் குறியீடு கிடைத்தது.

பெயர் மட்டும் போதுமா?

போதாது. நம் நாட்டுக்குத் தேவையான கிராம்பில் பெரும் பகுதி வெளிநாடுகளில் இருந்து வருகிறது. கடையில் எல்லாம் ஒரே டப்பாவில் கலந்து விட்டால், குறியீட்டால் விவசாயிக்கு என்ன பயன்? உயரமான மரத்தில் ஏறி மொட்டுப் பறிப்பது ஆபத்தான வேலை. அந்தக் கூலியைக் கொடுத்த பிறகும் விவசாயி கையில் நாலு காசு மிஞ்ச வேண்டும். தரம் பிரித்து, ஊர்ப் பெயர் அச்சிட்டு, விவசாயிகள் ஒன்று கூடி விற்றால்தான் பெயர் பணமாக மாறும்.

தென்காசி 2019-ம் ஆண்டு தனி மாவட்டம் ஆனது. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிப் போகிறார்கள். அந்தப் பழக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கிராம்புப் பொட்டலமும் இருக்கட்டும். அதன் மேல் விளைந்த ஊரின் பெயர் இருக்கட்டும். இருநூறு ஆண்டுக் கதைக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா?