பினாங்கு ஃபெர்ரி: இரண்டு பாலம் இருந்தும் ஏன் தேவை?

பட்டர்வொர்த் - ஜார்ஜ்டவுன் ஃபெர்ரியில் கார் ஏற்றும் சேவை 2020 டிசம்பர் 31-உடன் நின்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய ஃபெர்ரிகள் ஓடத் தொடங்கின. அவற்றில் பாதசாரிகள், மிதிவண்டியோட்டிகள், மோட்டார் சைக்கிளோட்டிகள் மட்டுமே ஏறலாம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு 1985-லும் 2014-லும் திறக்கப்பட்ட இரண்டு பாலங்கள் உண்டு. ஆனால், பாலத்தில் நடந்து கடக்க முடியாது. பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்குபவருக்கும், தீவில் வேலை பார்க்கும் மோட்டார் சைக்கிள் தொழிலாளிக்கும் ஃபெர்ரிதான் நேர்வழி.

பழைய ஃபெர்ரிகள் வயதாகி அடிக்கடி பழுதானதால்தான் சேவை தேய்ந்தது. பயணிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தனர். புதியவற்றுக்கும் அந்தக் கதி வராதிருக்க, பழுதான பிறகு பணம் தேடாமல், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். கட்டண வசூலை மட்டும் நம்புவது போதாது.