காரை இறக்கினால் ஹேண்ட்லிங் கூடுமா? ஸ்பிரிங் மாற்றத்தின் கணக்கும், சட்டம் கேட்காத கேள்வியும்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஈ.சி.ஆர். பக்கம் போனால் பார்க்கலாம். டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாத ஹேட்ச்பேக்குகள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே, ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் ஒரு தார். ஒன்றை இறக்கியிருக்கிறார்கள், இன்னொன்றை ஏற்றியிருக்கிறார்கள். கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "இப்பதான் ப்ரோ ஹேண்ட்லிங் செமையா இருக்கு."

உண்மையிலேயே அப்படியா? சட்டப்படி இதைச் செய்யலாமா? முதல் கேள்விக்குப் பதில்: நினைப்பதைவிடக் குறைவாகத்தான் கூடும், சில சமயம் குறையும். இரண்டாவது கேள்விதான் சிக்கல். நம் சட்டம் "மாற்றினாயா?" என்று கேட்கிறது. "மாற்றியது பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்பதில்லை.

சஸ்பென்ஷனின் வேலை என்ன?

குலுங்காமல் போகத்தான் சஸ்பென்ஷன் என்று பலர் நினைக்கிறோம். அது பாதி வேலைதான். மீதிப் பாதி, நான்கு டயர்களையும் எப்போதும் தரையில் அழுத்தி வைப்பது. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர் எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். வளைவில் உடல் சாய்வதைக் குறைப்பது ஆன்ட்டி-ரோல் பார். இவற்றை இணைக்கும் இடங்களில் ரப்பர் புஷ்கள். இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் கம்பெனி காரை அனுப்புகிறது. ஓட்டுநர் மட்டும் போகும்போதும் சரி, ஐந்து பேரும் டிக்கி நிறைய மூட்டையுமாகத் திருச்செந்தூர் போகும்போதும் சரி, பள்ளத்தில் இறங்கினாலும் உடையக் கூடாது என்ற கணக்கு அது. அதனால் கொஞ்சம் மெத்தென்று, கொஞ்சம் உயரமாக இருக்கும். ஆர்வலர்களுக்கு எரிச்சல் தருவது இந்தச் சமரசம்தான். அந்த எரிச்சலில் நியாயம் இல்லாமலும் இல்லை.

40 மில்லிமீட்டர் இறக்கினால் என்ன கிடைக்கும்?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடது, வலது டயர்களுக்கு நடுவே 150 செ.மீ. இடைவெளி. வளைவில் கார் திரும்பும்போது உள்பக்க டயர்களின் பாரம் வெளிப்பக்க டயர்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது எடை மைய உயரத்தை அந்த இடைவெளியால் வகுத்தால் தெரிந்துவிடும்.

புவியீர்ப்பில் 0.6 பங்கு பக்கவாட்டு விசை வரும் அளவுக்கு வளைக்கிறீர்கள் என்றால், அது பக்கத்தில் இருப்பவர் கைப்பிடியைத் தேடும் வேகம். அப்போது சுமார் 220 கிலோ பாரம் வெளிப்பக்கம் போகும். காரை 40 மி.மீ. இறக்கிய பிறகு அதே வளைவு, அதே வேகம்: சுமார் 204 கிலோ. வித்தியாசம் 16 கிலோ. ஒரு கேஸ் சிலிண்டரில் இருக்கும் கேஸை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

சரி, 16 கிலோவும் லாபம்தானே? இங்கேதான் ஒரு திருப்பம். நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. கார் சாயும்போது அது ஒரு கண்ணுக்குத் தெரியாத அச்சைச் சுற்றித்தான் சாய்கிறது. ரோல் சென்டர் என்பார்கள். இந்த அமைப்பில் காரை இறக்கினால் லோயர் ஆர்மின் கோணம் மாறி, எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடுகிறது. நெம்புகோல் நீண்டால் என்ன ஆகும்? கார் சாய்வதற்கான உந்துதல் அதிகமாகும். அதை அடக்க ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாக்க வேண்டும். கெட்டியான ஸ்பிரிங் போட்டதால் சாய்வது குறைகிறது, "ஹேண்ட்லிங் செம" என்று தோன்றுகிறது. சாய்வு குறைந்தது உண்மை. பிடிப்பு கூடியதா என்பது வேறு கேள்வி.

ரேஸ் டிராக் மாதிரி வழவழப்பான தளத்தில் கூடலாம். ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் கெட்டியான ஸ்பிரிங் டயரைத் தரையோடு வைத்திருக்காது, துள்ள விடும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு ஏது? அதோடு, கம்பெனி ஷாக் அப்சார்பர் கம்பெனி ஸ்பிரிங்குக்காகவே அளவெடுத்தது. ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால் அதை அடக்கும் பலம் அந்த ஷாக்குக்குக் கிடையாது. ஹைவே பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் கார் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும்.

ஸ்பீடு பிரேக்கர் என்ற உண்மை

இப்போதைய ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. நாற்பதை எடுத்துவிட்டால் 123. நாலு பேர் ஏறினால் இன்னும் இறங்கும்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த அளவில் கட்டினால் இறக்கிய கார்கூட உரசாமல் போய்விடும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே மேட்டின் மீது நிற்பதால், நடுவில் வயிற்றுப் பக்கம் எழும்புவது நாலைந்து செ.மீ. மட்டுமே. ஆனால் அப்படி ஒன்றை உங்கள் தெருவில் பார்த்திருக்கிறீர்களா? நம் தெருவில் இருப்பது ஓரடி அகலத்தில் அரையடி உயரத்துக்குக் கொட்டிய தார்க்கட்டி. அதன் முழு உயரமும் காரின் அடிவயிற்றில்தான் வரும். இறக்கிய கார்கள் ஸ்பீடு பிரேக்கரில் குறுக்காக ஊர்ந்து போவதும், பின்னால் வரும் பஸ் ஹாரனை அழுத்துவதும் இதனால்தான்.

அறுத்த ஸ்பிரிங்

இதுவரை சொன்னதெல்லாம் தரமான, அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங் பற்றியது. அதற்கும் ஷாக்குக்கும் சேர்த்துச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பட்டறையில் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றி, கட்டிங் வீலால் ஒன்றரைச் சுற்றை அறுத்துவிட்டு மாட்டிக் கொடுப்பார்கள். சில இடங்களில் கேஸ் டார்ச்சால் சூடாக்கி ஸ்பிரிங்கை அமுங்கச் செய்வார்கள்.

இது ஏன் வேறு ரகம்? ஸ்பிரிங்கின் முனை, ஸ்ட்ரட்டில் உள்ள தட்டில் சரியாக உட்காரும் வடிவத்தில் இருக்கும். அறுத்த முனை அப்படி உட்காராது. நீளமும் குறைந்துவிட்டதால், கார் ஒரு மேட்டில் எழும்பிச் சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும் அந்தக் கணத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையைவிட்டு நகரலாம். திரும்பி அமரும்போது அதே இடத்தில் அமரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சூடாக்கிய ஸ்பிரிங்கில் எஃகின் பதமே போய்விடுகிறது. நாளடைவில் தொய்யும், அல்லது உடையும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் முன் ஸ்பிரிங் நழுவினால் டயரையே கிழித்துவிடும். தம்பி ஒருவர் வாரக்கடைசியில் மிச்சம் பிடித்த காசுக்கு எதிரே பைக்கில் வரும் ஒருவர் விலை கொடுக்க நேரிடும்.

ஏற்றுவதிலும் இதே கதை, எதிர்த்திசையில். ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் எடை மையம் ஏறும், திடீர்த் திருப்பத்தில் கவிழும் வாய்ப்பு கூடும். காட்டுப் பாதையில் 20 கி.மீ. வேகத்தில் அது பிரச்சினையே இல்லை. அதே வண்டி திங்கள்கிழமை ஓ.எம்.ஆரில் போகிறது என்பதுதான் பிரச்சினை. முன்பக்கம் மட்டும் உயர்ந்தால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கேமரா, ரேடார் வைத்துத் தானாக பிரேக் பிடிக்கும் வசதியுள்ள புதுக் கார்களில் இன்னொரு சிக்கல்: அவை காரின் உயரத்தை வைத்துத்தான் முன்னால் இருப்பதைக் கணிக்கின்றன. உயரத்தை மாற்றிவிட்டு மறுபடி அளவு சரிசெய்யாமல் விட்டால், அது எங்கே பார்க்கிறது என்று உங்களுக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம், எரிபொருள், இருக்கைகள், எடை எல்லாம் இருக்கும். ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "அப்போ ஸ்பிரிங் மாத்துனா தப்பில்லையே" என்று ஆர்வலர்கள் வாதிடுவது இதை வைத்துத்தான்.

ஆனால் 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு இறுக்கமான விளக்கம் கொடுத்தது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி வாகனத்தை மாற்ற முடியாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு, வெளியிலிருந்து பாகம் வாங்கிப் பொருத்துவது உட்பட, ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், அந்த உட்பிரிவு குறிப்பது உரிமையாளரை. ஸ்பிரிங்கை அறுத்துக் கொடுத்த பட்டறைக்காரரை அல்ல.

நடைமுறையில் மாட்டுவது யார்? கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் மாற்றங்களைச் செய்தவர்கள். சத்தம் போடும் சைலன்ஸர், கறுப்புக் கண்ணாடி, கூசும் விளக்கு. இவற்றை ஓரம் கட்டுவது சரிதான். ஆனால் அறுத்த ஸ்பிரிங்கைக் கண்டுபிடிக்க வீலைக் கழற்ற வேண்டும். சோதனைச் சாவடியில் யார் கழற்றப் போகிறார்கள்? ஆக, முறையாகச் சோதிக்கப்பட்ட ஸ்பிரிங் போட்டவரும் கட்டிங் வீலால் அறுத்தவரும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ரோட்டில் இருவருமே மாட்டுவதில்லை. இதில் யாருக்கு லாபம் என்று யோசித்தால், மலிவான வழிக்குத்தான்.

இன்ஷூரன்ஸ் பக்கம் மட்டும் கண் திறந்திருக்கும். பெரிய விபத்து என்றால் சர்வேயர் வந்து பார்ப்பார். மாற்றத்தை நிறுவனத்திடம் முன்பே சொல்லவில்லை என்றால், உங்கள் கார் சேதத்துக்கான கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். மேலும் ஒன்று: காருக்குக் கடன் பாக்கி இருந்தால், நொறுங்கிய காருக்கும் இ.எம்.ஐ. தொடரும்.

வேறு வழி இருக்கிறதா?

ஜெர்மனியில் ஸ்பிரிங் மாற்றலாம். சோதனைச் சான்றிதழோடு வரும் பாகத்தை வாங்கிப் பொருத்தி, டி.யூ.வி. போன்ற பரிசோதனை மையத்தில் காட்ட வேண்டும். பொறியாளர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் மாற்றம் காரின் ஆவணங்களில் ஏறும். ஜப்பானில் தரையிலிருந்து குறைந்தது 9 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கேள்வி "எவ்வளவு, எப்படி" என்பது.

நம்மிடம் கதவு முழுதாக மூடப்படவில்லை. மாற்றங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் முறையையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று 2019 திருத்தமே சொல்கிறது. சி.என்.ஜி. கிட்டுக்கும், பெட்ரோல் வண்டியை எலெக்ட்ரிக் ஆக்கும் கிட்டுக்கும் ஒப்புதல் வழி இருக்கிறது. சோதிக்க இடமும் உண்டு: புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., நமக்குப் பக்கத்திலேயே ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையம். சஸ்பென்ஷன் கிட்டுக்கு அதே மாதிரி ஒரு வழி போட்டால், பட்டறை அறுவைக்கு உண்மையான தடை வரும். வெறும் அபராதத்தால் அது வரவில்லை.

அதுவரை ஹேண்ட்லிங் ஆசையை என்ன செய்வது? முதலில் டயரைப் பாருங்கள். அதே அளவில் நல்ல டயர் கொடுக்கும் பிடிப்பு, அந்த 16 கிலோ கணக்கைவிடப் பெரிது. அதற்குச் சட்டத்தில் தடையும் இல்லை. காற்றழுத்தம் கதவோரம் ஒட்டியுள்ள அளவில் இருக்கிறதா? அறுபது, எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் என்றால் ஷாக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் தளர்ந்திருக்கும். கம்பெனி பாகமே புதிதாகப் போட்டு அலைன்மென்ட் செய்யுங்கள். "கார் மாறிடுச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் மாறியது அந்த ரப்பர்தான்.

அதற்கும் மேல் ஆசை இருந்தால் அதற்கான இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே. ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன் கம்பெனி செட்டிங்கிலேயே ஒரு நாள் அங்கே ஓட்டிப் பாருங்கள். டிராக் நாளில் பெரும்பாலானோரின் காரில் முதலில் சூடாகிக் கைவிடுவது பிரேக்கும் டயரும். ஸ்பிரிங்கின் முறை வர நேரமாகும்.