எழுதுவேனா, எழுதிவிடுவேனா?

அயல்மொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதலிற் பெயர்ச்சொற்களைச் சேர்க்கின்றனர்; பின்னர் நிகழ்காலத்தைப் பழகுகின்றனர். எதிர்காலத்தைக் கடைசியிற் பார்த்துக்கொள்ளலாம் என்பது பலரது எண்ணம். ஆனால் வேலை தேடி அயல்நாடு செல்லும் இளைஞனிடம் முதன்முதலாகக் கேட்கப்படும் வினாக்கள் யாவை? “எத்தனை காலம் தங்குவீர்? என்ன வேலை செய்வீர்? எப்போது முடிப்பீர்?” என்பனவன்றோ? எனவே, எதிர்காலத்தைச் செம்மையாகப் பேச அறியாதவன் மொழியை அறிந்தும் அறியாதவனே ஆகிறான்.

இலங்கையிலிருந்து பிழைப்புக்காகச் செல்வோர் நெடுங்காலம் மத்திய கிழக்கு நாடுகளையே பெரிதும் நாடினர். அண்மை ஆண்டுகளில் ருமேனியா, போலந்து போன்ற நாடுகளும் அவ்வரிசையிற் சேர்ந்துள்ளன. பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் வாழும் நம் தோட்டப் பிள்ளைகளுக்கு இப்பெயர்கள் இன்று புதியனவல்ல. ஆதலால் இவ்வாரம் போலிஷ் மொழியின் எதிர்காலத்தைச் சிறிது ஆராய்வோம். அம்மொழி ருஷிய மொழிக்கு உறவுடையது. ஆயினும் இலத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. ஏறக்குறைய 4 கோடி மக்களின் தாய்மொழி. அதன் ஒலிகளைத் தமிழெழுத்தில் முற்றும் காட்டல் இயலாது, இயன்றவரை காட்டுகின்றோம்.

எளியதை முதலிற் கூறுவோம். “நாளை கொழும்புக்குப் போகிறேன்” என்கின்றோம். நாளை என்பது எதிர்காலம். போகிறேன் என்பதோ நிகழ்காலம். முடிவாகிவிட்ட பயணத்தைக் கூறுங்கால், ஐயமின்மை பற்றிக் காலம் மாறி வருகிறது. இதனை நம் இலக்கணநூலார் குற்றமென்று தள்ளாது, காலவழுவமைதி என அமைத்துக்கொண்டனர். போலிஷ்காரரும் இவ்வாறே பேசுவர். ‘யுத்ரோ’ என்றால் நாளை. ‘யாதெ’ என்றால் வண்டியேறிப் போகிறேன். “யுத்ரோ யாதெ தோ வர்ஷாவி” என்பது “நாளை வார்சாவுக்குப் போகிறேன்” என்பதாம். இவ்வளவில் நமக்கு இடர்ப்பாடு யாதுமில்லை.

இடர்ப்பாடு இனித்தான் தொடங்குகிறது. போலிஷ் மொழியில் எதிர்காலம் ஒன்றன்று, இரண்டு. ஒன்று, செயல் நடந்துகொண்டிருக்கும் எனக் கூறுவது. மற்றொன்று, செயல் முடிந்துவிடும் எனக் கூறுவது. பேசுவோன் இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘செய்வேன்’ என்று பொதுப்படக் கூறி நழுவுதற்கு அம்மொழி இடந்தருவதில்லை.

இவ்வேறுபாட்டை விளக்க ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. தேயிலை மலைக்கு ஏறினாற் போதும். “பகல் முழுதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்” என்று ஒருத்தி கூறுகிறாள். “குறித்த நிறையைப் பறித்துவிட்டேன்” என்று மற்றொருத்தி கூறுகிறாள். இருவரும் ஒரே வெயிலில் நின்றவரே. எனினும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் முன்னவளுக்கு அரைப் பேரும் பின்னவளுக்கு முழுப் பேரும் விழக்கூடும். உழைத்தலுக்கும் முடித்தலுக்கும் இடையேயுள்ள தூரத்தை நம் தாய்மார் நாள்தோறும் தராசிற் கண்டுவருகின்றனர். அத்தூரத்தையே போலிஷ் மொழி தன் வினைச்சொல்லுக்குள் வைத்திருக்கிறது.

இனி அமைப்பைக் காண்போம். ‘பிஸச்’ என்றால் எழுதுதல். ‘பிஷெ’ என்றால் எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருப்பேன் என்பதற்கு ‘பெந்தெ பிஸச்’ என்பர். ‘பெந்தெ’ என்பதன் முதலெழுத்தை ‘பஸ்’ என்னும் சொல்லிற்போல ஒலிக்க. இது நம் ‘இருப்பேன்’ என்னும் துணைவினையை ஒத்தது. நீ என்னும் முன்னிலைக்கு ‘பெஞ்ஜெஷ்’ என்றும், அவன், அவள் என்னும் படர்க்கைக்கு ‘பெஞ்ஜெ’ என்றும், நாம் என்பதற்கு ‘பெஞ்ஜெமி’ என்றும் திரியும். எழுதுதல் என்னும் சொல்லோ திரியாது நிற்கும்.

எழுதிவிடுவேன் என்பதற்கு யாது சொல்வர்? ‘நப்பிஷெ’ என்பர். ‘பிஷெ’ என்னும் நிகழ்கால வடிவின் முன்னே ‘ந’ என்னும் ஒட்டு வந்தது. உடனே அது எதிர்காலமாயிற்று. வியப்பாக இருக்கிறதன்றோ? காரணம் எளிது. முடிந்த செயல் இக்கணத்தில் நடந்துகொண்டிருத்தல் இயலாது. ஆகவே முற்றுப்பேற்றைக் குறிக்கும் வினைக்கு நிகழ்காலமென்பதே இல்லை. நிகழ்காலத்தின் சட்டையை அணிந்திருப்பினும் அது எதிர்காலத்தையே சுட்டும். தமிழில் ‘விடு’ என்னும் துணைவினை பின்னே நின்று செய்யும் தொழிலை, அங்கே ஒட்டு முன்னே நின்று செய்கிறது.

இவ்வொட்டு எல்லா வினைக்கும் ஒன்றேயன்று. செய்தல் என்பது ‘ரோபிச்’. செய்து முடித்தல் ‘ஸ்ரோபிச்’. படித்தல் ‘சித்தச்’, படித்து முடித்தல் ‘ப்ஷெச்சித்தச்’. ஆதலின் மாணவர் வினைகளைத் தனித்தனியே மனனஞ் செய்யாது, இணையிணையாகவே மனனஞ் செய்தல் வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் இடறும் கல் ஒன்றுண்டு. ‘பெந்தெ’ என்னும் துணைவினைக்குப் பின் முற்றுப்பேற்று வினை வரலாகாது. ‘பெந்தெ நப்பிஸச்’ என்பது பிழை. எழுதி முடிக்கத் திட்டமிட்டிருக்கிறேன் என்று கூற விரும்பின், ‘ப்ளனூயெ நப்பிஸச்’ எனலாம். ‘ப்ளனூயெ’ என்பது திட்டமிடுகிறேன் எனப் பொருள்படும்.

மற்றொரு நுட்பம். ‘பெந்தெ பிஸச்’ என்பதற்கு மாற்றாக, ஆடவன் ‘பெந்தெ பிஸவ்’ என்றும் பெண் ‘பெந்தெ பிஸாவா’ என்றும் கூறலாம். தன்மையிலேயே ஆண்பாலும் பெண்பாலும் தெரிகின்றன. தமிழில் ‘எழுதுவேன்’ என்பது இருபாலார்க்கும் பொது. ஆகவே நம் மாணவியர் ஆடவர் பேசுவதைக் கேட்டு அப்படியே ஒப்புவித்தலாகாது.

பதுளையிற் பிறந்த பிள்ளைக்கு இவை முற்றும் புதுமையல்ல. ஏனெனில் அப்பிள்ளை ஏற்கெனவே இருமொழிகளுக்கிடையே வாழ்கிறது. பேச்சுச் சிங்களத்தில் ‘மம லியனவா’ என்பது எழுதுகிறேன், எழுதுவேன் என்னும் இரண்டுக்கும் பொது. ‘ஹெட்ட’ என்னும் நாளைச் சொல் சேர்ந்தால் எதிர்காலம் விளங்கும். ஆயின் “நான் எழுதித் தருகிறேன்” என்று மனமுவந்து பொறுப்பேற்கும்போது ‘மம லியன்னம்’ என்பர். அங்கே மொழி வினவுவது, உன் விருப்பம் அதிலுண்டா என்பது. போலிஷ் மொழி வினவுவது, முடிப்பாயா என்பது. தமிழிலோ ‘எழுதுவேன்’ என்பது இரண்டையும் வினவாது விடுகிறது. எனினும் எழுதுகிறேன், எழுதிக்கொண்டிருப்பேன், எழுதிவிடுவேன், எழுதித் தருவேன் என்று வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்ள வகை செய்திருக்கிறது. புதுமொழி கற்போன் தன் மொழியிலுள்ள இச்செல்வத்தை முதலில் எண்ணிப் பார்ப்பானாயின், பாதித் தொல்லை நீங்கும்.

எதிர்காலம் என்பது இலக்கணத்தோடு முடிவதன்று. போலந்து என்னும் நாடே 1795 முதல் 1918 வரை, 123 ஆண்டுகள், உலகப் படத்தில் இல்லை. ருஷியாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. 1901இல் பிரஷ்யர் ஆண்ட வ்ஜெஷ்ன்யா என்னும் சிற்றூரில், சமயப் பாடத்தை ஜெர்மன் மொழியிற் கற்க மறுத்த பள்ளிப்பிள்ளைகள் அடிபட்டனர். நாடில்லாதிருந்தும் அம்மக்கள் மொழியைக் கைவிட்டாரல்லர். ‘செய்துவிடுவோம்’ என்னும் சொல்லையும் கைவிட்டாரல்லர்.

நம் மலையக மக்களின் வரலாறும் இதனை நினைப்பூட்டவல்லது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெருந்தொகையினர் நாடற்றோராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வர் என்றும், 3,00,000 பேர் இலங்கைக் குடிகளாவர் என்றும் கூறிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் முடிவு செய்யப்பட்டது. ‘செல்வர்’, ‘ஆவர்’ என்னும் வினைமுற்றுக்களை நோக்குக, இரண்டும் படர்க்கை. தம் எதிர்காலத்தைத் தன்மையிற் கூறும் வாய்ப்பு அம்மக்களுக்கு அளிக்கப்படவில்லை. குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்தற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பாட்டன்மாரைப் பற்றிப் பிறர் படர்க்கையிற் கூறிய எதிர்காலத்தை, இன்று பேரப்பிள்ளைகள் தன்மையிற் கூறுகின்றனர். ஆகவே அதனைப் பிழையின்றிக் கூறுதல் வேண்டும். அளந்தும் கூறுதல் வேண்டும். முடிக்க இயலாததை ‘முடித்துவிடுவேன்’ என்று ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்வது எம்மொழியிலும் இடரே.

மாணவர்க்கு இவ்வாரப் பயிற்சி இதோ: “நாளை முழுதும் படிப்பேன்”, “நாளை இந்நூலைப் படித்துவிடுவேன்”, “நாளை பதுளைக்குப் போகிறேன்” என்னும் மூன்றனுள், போலிஷில் எது ‘பெந்தெ’ கொள்ளும், எது ஒட்டுப் பெறும், எது நிகழ்காலத்திலேயே நிற்கும் எனத் தேர்ந்து எழுதுக.

இறுதியாக ஒரு வாக்கியத்தை அனைவரும் மனத்திற் கொள்க. ‘யாதெ’ என்றால் போகிறேன் என மேலே கண்டோம். அதன்முன் ‘தொ’ என்னும் ஒட்டுச் சேர ‘தொயாதெ’ ஆகும். போய்ச் சேர்வேன் என்பது பொருள். ‘கியெதி’ என்றால் எப்போது, அப்போது என்க. “கியெதி தொயாதெ, நப்பிஷெ.” இதனைத் தமிழில், “போய்ச் சேர்ந்ததும் எழுதிவிடுவேன்” என்கின்றோம். ‘சேர்ந்ததும்’ என்று நாம் இறந்தகாலத்தில் வைப்பதை அவர் எதிர்காலத்திலேயே வைக்கின்றனர்; அவ்வளவே வேற்றுமை. பதுளைப் புகையிரத நிலையத்திற் பெட்டியோடு நிற்கும் மகன், வழியனுப்ப வந்த தாயிடம் கூறுவது இவ்வாக்கியத்தையே. அவன் ‘எழுதிக்கொண்டிருப்பேன்’ என்று சொல்வதில்லை. தாயும் அதனை ஏற்பதில்லை. அவள் கேட்பது ‘நப்பிஷெ’யைத்தான்.