மைனஸ் பத்துல ஒரு மிதி!

மான்ட்ரியல்ல மேல்படிப்புக்கு சீட் கிடைச்சாச்சா? கங்கிராட்ஸ் பாஸ்! ஆகஸ்ட் கடைசியில போய் இறங்கினதும், பாதி ஊர் சைக்கிள்ல போறதைப் பார்த்து நீங்களும் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்குவீங்க. ரெண்டு மாசம் செம ஜாலி. நவம்பர்ல முதல் பனி விழுந்ததும் அதைப் பால்கனியில கட்டிப்போட்டுட்டு, மாசாமாசம் பஸ் பாஸுக்குக் காசு அழுவீங்க. தேவையே இல்லை!

அங்கே ஜனவரி சராசரியே மைனஸ் 10 டிகிரி பக்கம். ஒரு சீசன்ல கொட்டுற பனியைக் கூட்டினா சுமார் 2 மீட்டர். அதுக்கு நடுவுலயும் மிதிக்கிறவங்க மிதிக்கிறாங்க. 2009-ல வந்த 'பிக்ஸி' வாடகை சைக்கிள், குளிர் வந்தா கடையைக் கட்டிடும். 2023 குளிர்காலத்துல டயர்ல ஆணி பதிச்சு, சில ஸ்டேஷன்கள்ல மட்டும் பனியிலயும் விட ஆரம்பிச்சாங்க. 2020-ல திறந்த செயின்ட் டெனி சைக்கிள் பாதையில பனியை வாரவும் வண்டி வருது.

சரி, குளிர்தான் வில்லன்னு நினைக்கிறீங்களா? உப்புங்க, உப்பு! பனி உருகணும்னு ரோடு பூரா உப்பைக் கொட்டுவாங்க. அது பனியோட கலந்து சாம்பல் கலர் சேறாகி செயின், ஃப்ரீவீல், பிரேக் கேபிள்னு எல்லாத்துலயும் அப்பிக்கும். கடற்கரை ஓரமா வீடு இருக்கிற ஃப்ரெண்டைக் கேளுங்க, ஜன்னல் கம்பி என்ன கதிக்கு ஆளாகும்னு. அதே கதிதான், ஆனா எக்ஸ்பிரஸ் வேகத்துல.

அதனால ரூமுக்கு வந்ததும் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. பழைய பனியன் துணியால செயினைப் பிடிச்சுக்கிட்டுப் பெடலைப் பின்னாடி சுத்துங்க. காய்ஞ்சதும் எண்ணெய், மேல வழியுறதைத் துடைச்சுடுங்க. நம்ம ஊர்ல வருஷக்கணக்கா எண்ணெயே காட்டாம ஓட்டின வீரமெல்லாம் அங்கே செல்லாது! மட்கார்டு ரெண்டும் இருந்தா பாதி சேறு மேல வராது.

இன்னொரு கூத்து உண்டு. சூடான ரூம்ல சைக்கிளை வெச்சா ஒட்டியிருக்கிற பனி உருகி கேபிள் குழாய்க்குள்ள இறங்கும். மறுபடி வெளியே எடுத்தா அங்கேயே உறைஞ்சு, பிரேக் பிடிச்சது பிடிச்சபடி நிற்கும். ஃப்ரீவீல் கிரீஸும் கெட்டியாகிட்டா கால் சுத்தும், சக்கரம் சுத்தாது. ஒண்ணு, முழுசா காயவிட்டு எடுங்க. இல்லைன்னா குளிர்லயே விட்டுடுங்க. வெந்நீரை ஊத்துற வேலை மட்டும் வேணாம். அதுவும் உறையும்!

இப்போ சீரியஸ் மேட்டர். மைனஸ் 15-ல இறுகின பனி ஓரளவு பிடி கொடுக்கும். பயப்பட வேண்டியது ஜீரோவை ஒட்டின நாள். பகல்ல உருகின தண்ணி ராத்திரி கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கும், தார் ரோடுன்னு நம்பி ஏறுவீங்க. விழுந்தா கையைத்தான் ஊனுவோம். மணிக்கட்டுல மாவுக்கட்டோட செமஸ்டர் எழுத முடியுமா? அதனால ஆணி டயருக்குக் காசு பார்க்காதீங்க. ஒரு டயருக்குத்தான் பட்ஜெட்னா முன்சக்கரத்துக்கே போடுங்க. பின்சக்கரம் வழுக்கினா சமாளிச்சுடலாம், முன்சக்கரம் வழுக்கினா நேரா தரைதான். வளைவுல முன்பிரேக்கைத் தொடாதீங்க. கால் பூமியில எட்டுற மாதிரி சீட்டையும் கொஞ்சம் இறக்கிக்கோங்க.

மழையே விழுந்த இடத்துல ஐஸா உறையுற நாளும் உண்டு. 1998 ஜனவரியில அப்படிப் பெய்ஞ்ச ஐஸ் மழையில கரன்ட் டவரே சரிஞ்சு, லட்சக்கணக்கான பேர் இருட்டுல கிடந்தாங்க. அந்த மாதிரி அறிவிப்பு வந்தா பேசாம மெட்ரோ. அதுல ஒரு அசிங்கமும் இல்லை.

டிரெஸ்? கிளம்பும்போது லேசா குளிரணும். அப்போதான் பத்து நிமிஷத்துல வேர்க்காது. வேர்த்தா நின்னதும் நடுங்குவீங்க. டிசம்பர்ல சாயங்காலம் நாலேகால் மணிக்கே சூரியன் டாட்டா காட்டிடும். முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு லைட் சட்டப்படியே கட்டாயம். குளிர்ல பேட்டரி சீக்கிரம் தளர்ந்துடும், அதனால கிளாஸ் முடியுற வரைக்கும் லைட்டைக் கழட்டி ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கோங்க.

ஆங்... பூட்டு உறைஞ்சு சாவி நுழையலைன்னா வாயை வெச்சு ஊதாதீங்க. மூச்சுல இருக்கிற ஈரமும் உள்ளே போய் உறைஞ்சுக்கும். சாவி நுனியை லைட்டர்ல சூடு காட்டி நுழைச்சுப் பாருங்க!